முதல் குடத்துக்கு ஒரு குடை

ஆடி மாதத்து மூன்றாவது ஞாயிறு, காலை பத்தே முக்கால். பள்ளிக்கரணைப் பிள்ளையார் கோயில் வாசலில் அம்மன் கோயிலுக்குக் கிளம்ப மஞ்சள் புடவையில் நாற்பது பெண்கள் பால்குடத்தோடு வரிசையாக நின்றார்கள். முதலில் நின்ற கோகிலவாணி குடத்தைத் தலையில் ஏற்றி வலக்கையால் பிடித்துக்கொண்டாள். இடக்கையால் ஒரு கறுப்புக் குடையை விரித்தாள்.

மேளம் நின்றுவிட்டது.

"இன்னா கோகிலா இது?" என்றபடி விழாக் குழுத் தலைவர் குப்புராஜ் பந்தல் நிழலிலிருந்து எழுந்து வந்தார். அவளுடைய அப்பாவின் தம்பி அவர். "குடத்துக்கு மேல எதுவும் வரக்கூடாதுன்னு தெரியாதா? குடை அம்மனுக்கு மட்டும்தான். மடக்கு."

"ஆறு மணிக்குக் கிளம்பலாம்னு போன வாரமே கேட்டேன் சித்தப்பா. வெயில் ஏறாது, குடையும் வேணாம்னேன்."

"நோட்டீஸ்ல பத்தரைன்னு அடிச்சாச்சு. வீடியோ எடுக்கற ட்ரோன்காரன் ஒன்பதுக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டான்."

கோகிலவாணிக்கு முப்பத்திரண்டு வயது. மேடவாக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தோல், தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் பிறவியிலேயே வெளுப்பு. பள்ளிக்கூடத்தில் அவளை 'துரைசானி' என்று கூப்பிட்டார்கள். கறுப்புத் தோலில் இருக்கும் நிறமிதான் வெயிலைத் தடுக்கும், அவள் தோலில் அது இல்லை என்பதை அப்போது யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஊரில் முதல் குடம் அவர்கள் வீட்டுக்குத்தான். அம்மா இருபத்தெட்டு வருடம் சுமந்தாள். ஆறு வயதிலிருந்து கோகிலவாணியும் சிறு செம்பு ஏந்தி உச்சி வெயிலில் அம்மாவுடன் நடந்தாள். ஒவ்வொரு வருடமும் மறுநாள் அவள் தோளிலும் கழுத்திலும் கொப்புளம் கிளம்பும். அம்மனே வந்திறங்கிவிட்டாள் என்று வீட்டில் மகிழ்ந்துபோவார்கள். வேப்பிலை பரப்பிப் படுக்கவைத்து, வாசலில் வேப்பங்கொத்து செருகுவார்கள். கொப்புளம் உள்ள பெண்ணைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வருவார்கள். வேறு யாருக்கும் வராமல் இவளுக்கு மட்டும் ஏன் வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அவளுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

அதனால்தான் காதுக்குப் பின்னால் வந்த சிறு புண்ணுக்கும் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டார்கள். காய்ந்தது, பொருக்கு விழுந்தது, மறுபடி கசிந்தது. எட்டு மாதம். கணவன் முகிலன்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். சதை எடுத்துச் சோதித்தார்கள். தோல் புற்றுநோய். பரவுவதற்கு முன் வெட்டி எடுத்து ஏழு தையல் போட்டார்கள்.

"ஒரு மாசத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் உடனே வந்து காட்டணும்" என்றார் தோல் மருத்துவர். "பத்து மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் வெயில்ல நிக்காதீங்க. முழுக்கை, குடை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சன்ஸ்கிரீன். இது ஆயுசு முழுக்க."

"அந்தக் கொப்புளமெல்லாம்?"

"வெயில் சுட்டதும்மா."

இந்த வருடம் அம்மா உயிரோடு இல்லை. ஒரு வருடம் ஒரு வீடு குடம் எடுக்கத் தவறினால் உரிமை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அடுத்த வீடு குப்புராஜுடையது. அவருடைய மருமகள் தனம்தான் இரண்டாவது குடத்துடன் பின்னால் நின்றாள்.

"மடக்கலேன்னா குடத்தை எறக்கி வை. தனம் முன்னால வரட்டும்."

"எறக்க மாட்டேன். மடக்கவும் மாட்டேன்."

"அம்மன் வந்து முத்துப் போட்ட ஒடம்புடீ அது! டாக்டர் சொன்னான்னு சாமியவே வேணாம்னுவியா?"

"சாமி வேணாம்னா நான் எதுக்குக் குடம் எடுக்கறேன்? என்னை இத்தனை வருஷம் சுட்டது வெயில், சித்தப்பா. அந்தப் பழிய அம்மன் மேல போடாதீங்க."

மணிக்கட்டு வரை மஞ்சள் முழுக்கை ரவிக்கை. முகத்திலும் பாதத்திலும் பூசிய கிரீம் வெள்ளையாகத் தெரிந்தது. "முதல் குடத்துக்கு மேக்கப்பப் பாரு" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் நடக்கத் தொடங்கினாள்.

மேளம் வரவில்லை. தார் ரோட்டில் தண்ணீர் லாரிகளின் ஹார்ன் மட்டும். வரிசை தயங்கி, பிறகு பின்னாலேயே நகர்ந்தது.

பாதி தூரத்தில், சதுப்பு நிலத்துக் காற்று குடையைப் பிடித்து இழுத்தது. குடம் சாய்ந்தது. குடத்திலிருந்து பால் சிந்திக் கழுத்தில் வழிந்தது. குடம் விழுந்தால் எல்லாம் முடிந்தது. குடையை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். விரல்களை இன்னும் இறுக்கினாள்.

பக்கத்தில் ஒரு கை வந்து காம்பைப் பிடித்தது. தனம். ஒரு கையால் தன் குடத்தைப் பிடித்தபடியே வரிசையை விட்டு முன்னேறியிருந்தாள்.

"குடுக்கா. நான் புடிக்கறேன்."

"உன் மாமனார் பாத்துகினு வர்றாரு."

"பாக்கட்டும். நாளைக்கு அந்த வூட்ல சோறு ஆக்கறது நான்தான். முதல் குடம் எனக்கு வேணும்னா நேரா கேட்டு வாங்கிக்குவேன். உன்னை வெயில்ல வாட்டி வாங்க மாட்டேன்."

இரண்டு குடங்களும் ஒரே குடையின் கீழ் அம்மன் கோயிலுக்குள் நுழைந்தன. பூசாரி குப்புராஜைப் பார்த்தார். குப்புராஜ் வாய் திறப்பதற்குள் கோகிலவாணி குடத்தை நீட்டிவிட்டாள். பூசாரி வாங்கி அம்மன் தலையில் ஊற்றினார்.

வெளியே வரும்போது குப்புராஜ் வழியை மறித்தார். "வருசா வருசம் இப்டித்தான் வருவியா?"

"வருஷா வருஷம் வரணும்னுதான் குடை."

அவர் ட்ரோன்காரனைத் திட்டிக்கொண்டே போனார்.

கோகிலவாணி தூண் நிழலில் உட்கார்ந்து, முடியை ஒதுக்கி, காதுக்குப் பின்புறத்தைத் தனத்திடம் காட்டினாள். "செவந்திருக்கா பாரு."

தனம் விரலால் தொட்டுப் பார்த்தாள். "இல்ல. தச்ச கோடு மட்டும்தான் கீது."