படிகம் வந்தாச்சு

அன்று கணக்கு வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. படிகத்தை எடுத்த எக்ஸ்ரே படங்களை வைத்துக் கணக்குப் போட்டு, புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். ஆய்வகமே வைத்த பெயர் அது. அவருக்குப் படிகம் வளர்த்துக் கொடுப்பவள் அவள். வழக்கமாக அவளைப் பார்த்ததும் ஏதாவது கிண்டல் பண்ணுவார். இன்று நேரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. இது உன் புரோட்டீன் இல்ல.”

“என்ன சார் சொல்றீங்க? படிகம் நான் வளத்தது.”

“நீ வளத்ததுதான். உள்ள இருக்கிறது வேற. பழைய படிகங்களோட அளவையெல்லாம் ஒப்பிட்டுப் பாத்தேன். அச்சு அசலா பாக்டீரியாவோட சொந்த பம்ப்.”

கல்லீரல் செல்லின் சவ்வில் உட்கார்ந்து பித்தத்தை வெளியே தள்ளுகிற புரதம்தான் அவளுடையது. பம்ப் என்றே எல்லாரும் சொல்வார்கள். அதைப் பாக்டீரியாவுக்குள் உண்டாக்கி, சோப்பு மாதிரி ஒரு திரவத்தால் சவ்விலிருந்து பிரித்து, சுத்தம் பண்ணி, துளித் துளியாக வைத்துப் படிகமாக்க வேண்டும். இதில் ஒரு வம்பு உண்டு. பாக்டீரியாவுக்கும் சொந்தமாக ஒரு பம்ப் இருக்கிறது. துளியூண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், முண்டியடித்துக்கொண்டு அதுதான் முதலில் படிகமாகும். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த சங்கதி. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லி எச்சரிப்பதே அவள்தான். புரதம் சுத்தமா என்று பார்க்கிற சோதனை ஜெல்லில், அவளுடைய புரதத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தது. பார்த்தாள். பார்த்தும், ஏதோ அழுக்கு என்று விட்டுவிட்டாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன!

“இதெல்லாம் சகஜம்மா. மறுபடி பண்ணலாம்” என்றார் கணக்கு வாத்தியார்.

பண்ணலாம், சரி. அக்காவிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அக்காவின் மகளுக்கு ஆறு வயது. பிறவியிலேயே அந்த பம்ப் வேலை செய்யாத பிள்ளை. வெளியேற வேண்டிய பித்தம் ரத்தத்தில் ஏறி, கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் ஒரே அரிப்பு. சாதாரண அரிப்பா அது? கையில் துணியுறை மாட்டிவிட்டால் பல்லால் கழற்றிவிட்டு, ரத்தம் வரும்வரை சொறிவாள். வேறு கல்லீரல் வைக்காவிட்டால் பிள்ளை தங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். வீட்டில் ஒருவருடையதும் பொருந்தவில்லை. ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆனால் ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே அக்கா பயந்து எழுந்து போய்விடுவாள்.

இரண்டு வாரத்துக்கு முன், படிகம் வந்த அன்று இவள் தலைகால் புரியாமல் அக்காவுக்குத்தான் முதலில் போன் போட்டாள். “அக்கா, படிகம் வந்தாச்சு!”

“அப்போ பாப்பாவுக்கு மருந்து வந்துடுமாடி?”

வடிவம் தெரிந்த பிறகும் மருந்துக்கு வருஷக்கணக்கில் ஆகும், வராமலேகூடப் போகும். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அக்கா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! “வரும்க்கா” என்று சொல்லிவிட்டாள் பாவி.

இப்போது போனில் சொல்லத் தைரியமில்லாமல் நேரே அக்கா வீட்டுக்கு ஓடினாள். கூடத்தில் அக்கா பாப்பாவின் பாதத்துக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

“சித்தி, என் பம்ப் போட்டோ கொண்டாந்தியா?” என்று பாப்பா தாவி வந்தது.

“இல்லடா கண்ணு. நீ உள்ள போய்ப் படம் வரைஞ்சுட்டு இரு, சித்தி வரேன்.”

பிள்ளை உள்ளே போனதும் அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். “என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?”

“அக்கா, அது நம்ம பம்ப் இல்ல. பாக்டீரியாவோடது. நான் ஏமாந்துட்டேன்.”

“போனா போகுது, இன்னொன்னு வளத்தா ஆச்சு. உனக்கென்ன, கெட்டிக்காரி.”

அவள் அக்காவின் எதிரில் உட்கார்ந்தாள். “அதில்லக்கா. அது நெசமாவே நம்மளதா இருந்திருந்தாலும் மருந்து இப்போ வராது. பாப்பாவுக்கு உதவுற நேரத்துக்குள்ள வராது. அன்னைக்கே எனக்குத் தெரியும். நீ சிரிச்சியா, சொல்ல மனசு வரல. ஆபரேஷன்தான்க்கா வழி. ஆஸ்பத்திரியில கூப்பிட்டா யோசிக்காம ஓடணும்.”

அக்கா களிம்பு டப்பாவை மூடப் பார்த்தாள். மூடி கை நழுவி உருண்டது. அவள் எடுக்கவில்லை.

“கூப்பிட்டாங்கடி” என்றாள்.

“எப்போ?”

“போன வாரம். பொருந்துற கல்லீரல் கெடச்சிருக்கு, உடனே கெளம்பி வாங்கன்னாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“வேணாம்னுட்டேன். என் தங்கச்சி மருந்து கண்டுபிடிச்சிட்டா, பிள்ளைய அறுக்க வேணாம்னு பெருமையா சொன்னேன்.”

“ஐயோ, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாக்கா?”

“எதுக்குக் கேக்கணும்? நீதான் வரும்னு சொன்னியே.”

அதில் கோபம்கூட இல்லை. இரண்டு அறை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு, அக்காவின் போனைப் பிடுங்கி ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். எடுத்த பெண் விவரம் கேட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் பேசினாள்.

“பேர் இன்னும் லிஸ்ட்ல இருக்குங்க. ஆனா அந்தக் கல்லீரல் வேற குழந்தைக்குப் போயிடுச்சு. அடுத்தது எப்போன்னு யாராலயும் சொல்ல முடியாது. டாக்டர் ரொம்ப வருத்தப்பட்டார்ங்க. பிள்ளைக்கு இவ்வளவு முடியாம இருக்கும்போது, வேணாம்னு சொன்னது யாரு?”

அக்காவுக்கும் அது கேட்டது. களிம்புக் கையோடு போனை வாங்கக் கை நீட்டினாள். இவள் கொடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான்தாங்க” என்றாள். “குழந்தையோட சித்தி.”