டெஷ் தோட்டத்துப் போர்டில் ஐந்தாவது வரி

போன வருஷம் அக்டோபர் கடைசி நாள், ஹாலோவீன் அன்று, மாரிட்டின் பரங்கிக்காயை ஓர் அணில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடித்துப் போட்டுவிட்டுப் போகவில்லை. முழுசாக, காம்போடு, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேவாலயப் படிகளில் இறங்கி, ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்து போனது. பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.

அணிலைக் குறை சொல்ல முடியாது. காய் உள்ளங்கை அகலம்தான். அப்போது மாரிட்டுக்கு மூன்று வயது. பாலர் பள்ளியிலேயே பொடிசு அவள்தான். அவளால் தூக்க முடிந்ததும் அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளின் காய்கள் படிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் இடத்தில் பெயர் எழுதி ஒட்டிய நாடா மட்டும் கிடந்தது. மாரிட் அந்த நாடாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. நாடாவை உரித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இந்த வருஷம் நாலு வயது. இப்போதும் வகுப்பில் பொடிசு அவள்தான். ஆனால் ஒரு முடிவோடு வந்திருந்தாள். அணிலால் தூக்க முடியாத காய் வேண்டும்.

பள்ளி நடப்பது தேவாலயத்தின் நிலவறையில். எதிரே ரோட்டைத் தாண்டினால் ஓர்வில் டெஷ்ஷின் பரங்கித் தோட்டம். அக்டோபர் முதல் வாரம் மிஸ் வெர்னா ஒரு நீளக் கயிற்றை எடுப்பாள். அதில் பிள்ளைக்கு ஒரு வளையம். ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு பதினோரு பிள்ளைகளும் ரோட்டைக் கடப்பார்கள். தோட்டத்துக் கேட்டில் ஒரு போர்டு தொங்கும். மிஸ் வெர்னா இருபத்தாறு வருஷமாக அதைச் சத்தமாக வாசித்துக் காட்டி வருகிறாள்.

"தூக்கிக்கொண்டு இந்தக் கேட்டைத் தாண்டினால் காய் உன்னுடையது. உருட்டக் கூடாது. இழுக்கக் கூடாது. வேறு ஆள் கை படக் கூடாது."

முதல் வரி மட்டும்தான் ஓர்வில்லின் அப்பா ஆசையாக எழுதியது. மற்ற ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆள் இருந்தார். ஒரு போதகர் ஒரே மத்தியானத்தில் அறுபத்தொன்பது காய்களைச் சரிவில் உருட்டிவிட்டு நேராகத் தன் வீட்டு நிலவறையில் இறக்கினார். அதன்பின் இரண்டாவது வரி வந்தது. தபால்காரர் ஒருவர் பனிச்சறுக்கு வண்டியில் நாய் பூட்டி வந்தார், மூன்றாவது. ஒன்பது அண்ணன் தம்பிகள் இருந்த ஒரு குடும்பத்தால் நாலாவது. அந்தப் பேர்கள் ஊருக்கு இன்றும் மனப்பாடம். மேயர்களின் பேரைக் கேட்டால்தான் யோசிப்பார்கள்.

மற்ற பிள்ளைகள் கைக்கு அடங்கியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது மாரிட் தோட்டத்தின் கடைசிக்கு நடந்து போய், ஒரு காயின் முன்னால் நின்றாள். அது காய் என்று தெரிந்துகொள்ளவே சற்றுத் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

"இது," என்றாள்.

மிஸ் வெர்னா பார்த்தாள். "செல்லம், இது உன்னவிட ரெண்டு மடங்கு இருக்கு."

"ஆமா மிஸ்."

"உன்னால தூக்க முடியாதும்மா."

"இன்னிக்கி முடியாது," என்றாள் மாரிட்.

ஓர்வில் டெஷ் வாயில் ஒரு வைக்கோலை மென்றுகொண்டே வந்து நின்றார். "போர்டுல நாள் கணக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ஆனா ஹாலோவீன் அன்னிக்கு மத்தியானம் பன்னண்டு மணிக்கு மிச்சம் கிடக்குறத எல்லாம் பன்னிங்களுக்குப் போட்டுருவேன். அதுக்குள்ள தூக்கிட்டா அவளுது."

வகுப்பிலேயே கனத்த பிள்ளை அம்ப்ரோஸ், தன் காயை வயிற்றில் ஏந்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தான். "நீ இதத் தூக்கிட்டன்னா என் காய அப்பிடியே தின்னுர்றேன், பொடிசு."

"விதையோடயா?"

"விதையோட."

"சரி," என்றாள் மாரிட். பைக்குள்ளிருந்து பழைய நாடாவை எடுத்துக் காயின்மேல் ஒட்டினாள். அது ஒட்டவில்லை. எச்சில் தொட்டு அழுத்தினாள். ஒட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து அவள் பாடு வேறாக இருந்தது. இலை வாரிக் குவித்து அதில் குதிக்கிற நாளில் எல்லோரும் காய்ந்த இலைக்கு ஓடினார்கள். மாரிட் நனைந்த இலையை வாளி வாளியாகத் தூக்கினாள். ஆப்பிளை வெட்டிச் சாயத்தில் முக்கி அச்சுக் குத்தும் நாளில் ஆப்பிள் கூடையைச் சுமந்து வந்தவள் அவள்தான். திருப்பிக் கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான். யாரும் கேட்காமலே மறுபடி கொண்டுவந்தாள். மத்தியானத் தூக்கத்தில் மரக்கட்டைப் பெட்டியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மூச்சு விட்டாள். இரண்டாவது வாரம் அம்ப்ரோஸைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிவிட்டாள். அவன் வீட்டுக்குப் போய்த் தான் பறந்ததாகச் சொன்னான்.

ஆனால் காயும் சும்மா இருக்கவில்லை. மழை பெய்தது. முதல் வாரம் ஓர்வில் தன் இடுப்புவாரைக் கை படாமல் காயைச் சுற்றிப் போட்டு அளந்தார், சரியாக இருந்தது. அடுத்த வாரம் இடுப்புவாரோடு நாயின் கழுத்துப்பட்டையும் சேர்ந்தால்தான் எட்டியது. அதற்கடுத்த வாரம் குதிரையின் சேணத்தை எடுத்துவர வேண்டியதாயிற்று.

தினமும் பள்ளி விட்டதும் மாரிட்டின் அப்பா பால் லாரியோடு வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் மிஸ் வெர்னா அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவாள். மாரிட் காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்ப்பாள். காய் அசையாது. "நாளைக்கி," என்று காயிடம் சொல்லிவிட்டு வருவாள்.

மூன்றாவது வாரம் வகுப்பில் மேசைமேல் செய்தித்தாள் விரித்து நடுவில் ஒரு பரங்கிக்காயை வைத்தாள் மிஸ் வெர்னா.

"உள்ள என்ன இருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க."

"விதை," என்றது ஒரு பிள்ளை. "பேய்," என்றது இன்னொன்று. "எங்க மாமா," என்றான் அம்ப்ரோஸ். அவனிடம் காரணம் கேட்கும் வழக்கம் கிடையாது.

"கனம்," என்றாள் மாரிட்.

மிஸ் வெர்னா மேல்மூடியை அறுத்துத் திறந்தாள். பிள்ளைகள் கையை விட்டு நார்நாராக, வழவழவென்று அள்ளினார்கள். மாரிட் மட்டும் அள்ளவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடா?"

"மிஸ், நடுவுல ஒண்ணுமே இல்ல."

"ஆமா செல்லம். பரங்கிக்காய் அப்பிடித்தான்."

எல்லோரும் அள்ளி முடித்ததும் மாரிட் அந்தக் கூட்டைத் தூக்கிப் பார்த்தாள். கீழே வைத்தாள். மறுபடி ஒரு கையால் தூக்கினாள். பிறகு ஐஸ்கிரீம் அள்ளுகிற கரண்டியை எடுத்துத் துடைத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மிஸ் வெர்னா அதைப் பார்த்தாள். பார்க்காததுபோல மேசையைத் துடைத்தாள்.

அள்ளலாம் என்றால் திறக்க வேண்டும். நாலு வயதுப் பிள்ளை கையில் கத்தி கொடுக்க முடியாது. வேறு ஆள் கை பட்டால் நாலாவது வரி. மிஸ் வெர்னா அந்த மத்தியானம் முழுவதும் இதைத்தான் யோசித்தாள். தோட்டத்துக்குப் போனபோது யோசனைக்கு வேலையில்லாமல் போயிற்று. காயின் அடிவயிற்றில், வைக்கோலை ஒட்டினாற்போல ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிற வால் வெளியே வந்தது. பின்னாலேயே அணிலின் மற்ற பாகங்களும் வந்தன.

"அதே அணில்," என்றாள் மாரிட்.

"அது எப்பிடிம்மா தெரியும்?"

"நடையப் பாருங்க."

மிஸ் வெர்னா ஓர்வில்லைப் பார்த்தாள். ஓர்வில் நிதானமாகக் கேட் வரைக்கும் நடந்து போய், தெரிந்த போர்டை மறுபடி ஒருமுறை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஆள் கைன்னுதான் போட்டிருக்கு. அணில் ஆளும் இல்ல, வெச்சது கையும் இல்ல. வாய்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் முறை வைத்து வேலை செய்தார்கள். காலையில் அணில், சாயந்தரம் மாரிட். பேச்சுவார்த்தை கிடையாது. அணில் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. மாரிட் கரண்டியோடு முதலில் தோள் வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும் உள்ளே போனாள். வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும் தெரியும். பூட்ஸுக்கு இரண்டு பக்கமும் மிஸ் வெர்னாவும் ஓர்வில்லும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள்; மறந்தும் பட்டுவிடக் கூடாது. அள்ளிப்போட்ட சதையால் மாட்டுத் தொட்டி நிறைந்து வழிந்தது. மாடுகள் ஒரு வாரம் ஆரஞ்சு நிறப் பால் கறந்தன. அதை லாரியில் ஏற்றிய மாரிட்டின் அப்பாவுக்குப் பால்பண்ணையில் பதில் சொல்லி மாளவில்லை.

ஹாலோவீன் விடிந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. மாரிட்டின் அம்மா தேனீ வேஷம் தைத்திருந்தாள். மஞ்சள், கறுப்பு, இரண்டு சிறகு. அதன்மேல் குளிர்கோட்டு. அந்த ஊரில் எந்தப் பிள்ளையின் வேஷத்தையும் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. கோட்டுகள்தான் ஊர்வலம் போகும். ஒரு கோட்டின் அடியில் டைனோசர் வால் தெரிந்தால் அது அம்ப்ரோஸ்.

பதினோரு மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் புறப்பட்டது. ரோட்டைத் தாண்டி, டெஷ்ஷின் களஞ்சியத்தைச் சுற்றி, திரும்பப் படிக்கு வருவது வழக்கம். களஞ்சியத்தின் பக்கம் வந்ததும் மாரிட் வளையத்தை விட்டாள்.

"மிஸ். இப்ப."

மிஸ் வெர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்றிகள் ஏற்கனவே வேலி ஓரம் வந்து நின்றிருந்தன. "சரி. போ."

மாரிட் காயைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். காய் எழும்பியது. ஒரு விரற்கடை. அடியில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. இன்னொரு தடவை தூக்கினாள், இரண்டு விரற்கடை.

"கை பத்தல," என்றான் அம்ப்ரோஸ். கிண்டலாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னான்.

மாரிட் தன் கைகளைப் பார்த்தாள். உண்மைதான். நாலு வாரம் பழக்கியும் அவை நீளவில்லை. அவள் குப்புறப் படுத்து, ஓட்டைக்குள் தலையை நுழைத்து, முழுசாக உள்ளே போய்விட்டாள். காய் ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அது மெல்ல எழுந்து நின்றது. அடியில் இரண்டு சிவப்புப் பூட்ஸ்.

உள்ளே இருட்டு. தலையிலும் தோளிலும் ஈரமாகக் கனத்தது. மாரிட் ஓர் அடி வைத்தாள்.

"இந்தப் பக்கம் வா," என்றான் அம்ப்ரோஸ்.

"எந்தப் பக்கம்?" என்றது காய்.

"நான் நிக்கிற பக்கம்."

"நீ எங்க நிக்கிற?"

"இங்கதான்."

பத்துப் பிள்ளைகளும் பத்துத் திசையிலிருந்து வழி சொல்ல, காய் நேராகப் பன்றி வேலிக்கு நடந்தது. பன்றிகள் வாயைத் திறந்தன. அவற்றின் ஆயுசில் சாப்பாடு தானே நடந்து வந்ததில்லை.

மிஸ் வெர்னா ஓடினாள். காயிடம் இல்லை, கேட்டுக்கு. கோட்டுப் பையிலிருந்து பித்தளை மணியை எடுத்து ஆட்டினாள். விளையாட்டுச் சாமானை எடுத்து வைக்கச் சொல்லி அடிக்கிற மணி அது. கேட்டால் எங்கிருந்தாலும் வந்து நிற்க வேண்டும். பூட்ஸ் நின்றன. திரும்பின. மணியை நோக்கி நடந்தன. ஒரு தடவை காய் தாழ்ந்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்தார்கள். தரையைத் தொடுவதற்குள் மறுபடி எழுந்தது.

கேட்டில் வந்து காய் முட்டியது. வழியைவிடக் காய் ஒரு முழம் அகலம்.

"என்ன ஆச்சு?" என்றது காய். "ஏன் போகல?"

தேவாலய மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. ஓர்வில் வைக்கோலை வாயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மாற்றினார். போர்டைப் பார்த்தார். "கேட்டு எவ்ளோ அகலம்னு எங்கப்பா ஒண்ணும் எழுதல," என்று சொல்லிவிட்டு, அவர் அப்பா நட்ட கேட்டுக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பதினொன்றாவது அடிக்குக் காய் வெளியே இருந்தது.

ரோட்டில் ஒரு பால் லாரி நின்றது. மாரிட்டின் அப்பா இறங்கி, பூட்ஸ் போட்ட பரங்கிக்காய் ஒன்று கடந்து போவதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். "யாரு இது?"

"தேனீ," என்றது காய்.

படிகளின் உச்சியில், நடு இடத்தில் காய் உட்கார்ந்தது. அடியிலிருந்து மாரிட் ஊர்ந்து வெளியே வந்தாள்; தலையில் நார், முகமெல்லாம் ஆரஞ்சு, ஒரு சிறகைக் காணோம். நாடாவை இன்னொரு தடவை எச்சில் தொட்டு அழுத்தினாள்.

மறுநாள் காலை படிகளில் இருந்த பத்துக் காய்களிலும் பல் பட்டிருந்தது. மாரிட்டின் காயை அணில் தொடவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்பது அதற்குத் தெரியாதா; பாதியை அள்ளியதே அதுதானே. அம்ப்ரோஸ் சொன்ன சொல் தவறவில்லை. தன் காயைத் தினமும் ஒரு துண்டும் ஒரு விதையுமாகத் தின்று வருகிறான், ஈஸ்டருக்குள் முடித்துவிடுவானாம்.

திங்கட்கிழமை ஓர்வில் கம்பத்தைத் திரும்ப நட்டுவிட்டு, பெயின்ட் டப்பாவோடு போர்டின் முன்னால் நின்றார். பிள்ளைகள் கயிற்றோடு போய்ப் பார்த்தார்கள். மிஸ் வெர்னா ஈரம் காயாத ஐந்தாவது வரியைச் சத்தமாக வாசித்தாள்.

"உள்ளே புகுந்து நடக்கக் கூடாது."

"அது நானா மிஸ்?" என்றாள் மாரிட்.

"நீதான்."

மாரிட் போர்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வாசிக்கத் தெரியாது. ஆனாலும் முதல் வரியை விட்டால் தன்னுடையதுதான் நீளம் என்பது தெரிந்தது.

"மிஸ், ஆட்டு மேல ஏத்துறதப் பத்தி அதுல ஏதாவது போட்டிருக்கா?"

ஓர்வில் டெஷ் பெயின்ட் டப்பாவை மூடாமலே வைத்தார்.