தகெனூமா பிரபுவின் கடைசிக் கேள்வி

விடியலில் தகெனூமா பிரபு இறந்துபோனார். பிள்ளை இல்லை. வாரிசு இல்லாமல் பிரபு செத்தால் நாடு பறிபோகும், ஊழியக் குடும்பங்கள் தெருவுக்கு வரும். தம்பி மகனைத் தத்தெடுக்கும் சம்மதத்தைப் பிரபுவின் வாயாலேயே கேட்டு முத்திரை வாங்கிப்போக, மதியம் தலைநகர அதிகாரி வருகிறார். அதுவரை பிரபு சாகக் கூடாது. வழக்கம்தான் இது. அதிகாரிகள் படுக்கைத் திரையை விலக்கிப் பார்ப்பதில்லை.

குரலுக்கு ஹன்னோஜோவைப் பிடித்தார்கள். விருந்துகளில் சாக்கே மது ஏறியதும் பிரபுவைப் போலப் பேசிக் காட்டுகிறவன்.

"சாக்கே உள்ள போனாத்தான் குரல் வருமோ?" என்றார் காரியஸ்தர் ஒகிட்சு.

"ஒரு கிண்ணம் குடுத்தீங்கன்னா தெரியும் ஐயா."

"உளறி வெச்சே, உன் வயித்தை நானே கிழிச்சிருவேன்."

திரைக்குப் பின்னால், பிணத்தின் அருகே ஹன்னோஜோ படுத்துக்கொண்டான். ஊதுபத்திப் புகை. மலையில் பனி உருகிக்கொண்டிருந்தது, கூரையில் மழை. ஆற்றில் நீர்மட்டம் என்னவென்று கேட்காமல் பிரபு எந்தக் காலையிலும் சோற்றில் கை வைத்ததில்லை. இன்று யாரும் ஆற்றுக்குப் போகவில்லை. சேதி கசியாதிருக்கக் கதவுகளை அடைத்திருந்தார்கள்.

அதிகாரி கேட்டார்: "தம்பி மகனைத் தத்தெடுக்கிறது உங்க சொந்த விருப்பம்தானே?"

ஹன்னோஜோ வாயைத் திறந்தான்.

"ஆமா. அவன்தான்."

அவன் பேசுமுன்பே குரல் பக்கத்திலிருந்து வந்தது.

முத்திரையைப் பிணத்தின் கையில் வைத்துத் திரைக்கு அடியில் நீட்டினான். அதிகாரி வைத்த காகிதத்தில் கை அழுத்தமாகப் பதித்தது. அவன் அழுத்தவில்லை.

அதிகாரி கிளம்பிப் போனார்.

"அடேய், எனக்கே உடம்பு சிலுத்துப்போச்சுடா!" என்றார் ஒகிட்சு.

"ஆத்துல தண்ணி எவ்ளோ ஏறியிருக்கு?"

"போதும்டா, அவர் போயாச்சு." சிரித்துக்கொண்டே திரையை விலக்கினார்.

ஹன்னோஜோ ஒரு கையால் தன் வாயைப் பொத்தியிருந்தான். மறு கையின் மணிக்கட்டு பிணத்தின் பிடியில் இருந்தது.

"ஏறலைங்க, பிரபு," என்று முனகினான்.

பிடி எலும்பில் இறங்கியது.

"நான் சொன்னது பொய்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு! ஆத்துக்கு ஓடுங்க ஐயா!"

ஒகிட்சு வெறுங்காலுடன் மழையில் ஓடினார்.

ஹன்னோஜோ கண்களை மூடிக்கொண்டான். வெகுநேரம் கழித்துக் கரையில் அபாய முரசு அதிர்ந்தது. கதவுகள் திறக்கும் சத்தம், மண்மூட்டைகளோடு ஆட்கள் ஓடும் சத்தம். அப்போதுதான் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

அவன் திரும்பிப் பார்த்தான். பிணத்தின் வாய் திறந்துகொள்ளாமலிருக்கத் தாடையைச் சுற்றிக் காலையில் கட்டிய துணி முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.