செனட்டருக்கு மூன்றாம் பரிசு, சுலேமாவுக்குப் பூஜ்ஜியம்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆட்டின் வழியாகக் கிடைத்தது. எதிர்வீட்டு ஆடு, பெயர் செனட்டர். வேலி தாண்டி வந்து என் தக்காளிச் செடிகளை மொட்டையடித்துவிட்டுப் போனது. மறுநாள் ஒதிலியா ஒரு தட்டு நிறைய தமாலே, அதாவது சோளமாவுக் கொழுக்கட்டை, எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வந்தாள். "ஆடு என் மக சுலேமாவோடது. கட்ட மறந்துட்டா. அவ புத்தி இப்ப அவகிட்ட இல்லைங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிட்டது.

அன்றே எழுத உட்கார்ந்தேன். "தெற்கு டெக்சஸின் கொளுத்தும் வெயிலில் ஒரு —" வேண்டாம். எங்கள் ஊரில் வெயில் செய்தியே அல்ல. "பதினேழு வயதில் சுலேமா இரண்டு உலகங்களுக்கு நடுவே —" இதையும் அடித்துவிட்டேன். அவள் மாட்டிக்கொண்டது ஆட்டுக்கும் அரசியல் சாசனத்துக்கும் நடுவே.

2

சுலேமா லொங்கோரியா படிப்பது பதினோராம் வகுப்பு. ஆனால் செவ்வாயும் வியாழனும் பக்கத்து ஊர்க் கல்லூரிக்குப் போய் அரசியல் வகுப்பில் உட்காருவாள். ஒரே படிப்பு, பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஊரே மெச்சியது. (கல் தவறினால் இரண்டு மாங்காயும் போகும் என்பதை யாரும் சொல்லவில்லை. கல்லூரியில் வாங்கும் மதிப்பெண் அழியாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் கூடவே வரும்.)

ஒரு வியாழக்கிழமை எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கால்நடைக் கண்காட்சி வந்தது. பள்ளிக்கூடம் விடுப்புக் கொடுத்தது. தலைமை ஆசிரியரே, "ஜெயிச்சுட்டு வா!" என்று முதுகில் தட்டி அனுப்பினார். பள்ளிக்குத் தெரிந்தால் கல்லூரிக்கும் தெரிந்த மாதிரிதான் என்று சுலேமா நினைத்துக்கொண்டாள்.

செனட்டரைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, குளம்பு துடைத்து, போட்டி வளையத்துக்குள் நடத்திச் சென்றாள். நடுவர் முதுகை அழுத்திப் பார்த்தபோது செனட்டர் நிஜமான செனட்டர் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மூன்றாம் பரிசு. ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு படமெடுக்கக் கைபேசியைத் திறந்தாள். கல்லூரியிலிருந்து ஒரு செய்தி. அன்று நடந்த இடைப்பருவத் தேர்வு: பூஜ்ஜியம்.

படத்தில் செனட்டர் மட்டும்தான் சிரிக்கிறது.

3

ஒதிலியா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அறுபது பிள்ளைகளைக் கண்ணாடியில் முறைத்தே உட்கார வைப்பவள். மகளுக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் போனை எடுப்பதுதான் அவள் வழக்கம். எடுத்தாள்.

"நான் சுலேமாவோட அம்மா பேசறேன். அந்தப் பரீட்சை விஷயமா..."

"மன்னிக்கணும்மா," என்றார் பேராசிரியர் பிரிட்சர்ட். "அந்தப் பேர்ல எனக்கு ஒரு மாணவி இருக்காங்களா இல்லையான்னுகூட நான் சொல்லக் கூடாது."

"நான் அவளைப் பெத்தவ!"

"நம்பறேம்மா. ஆனா அவங்க எழுத்துல சம்மதம் குடுக்காம நான் யார்கிட்டயும் பேச முடியாது. சட்டம் அப்படி."

"அவ என் வயித்துல கிடந்தப்ப யார்கிட்ட சம்மதம் வாங்கினாளாம்?"

"நல்ல கேள்விதாம்மா," என்றார் அவர். "அவங்களையே வந்து பேசச் சொல்லுங்க."

(இந்த இடத்தில் பிரிட்சர்டை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கிய மீசைகூட வைத்தேன். ஆனால் "நல்ல கேள்விதாம்மா" என்று சொல்பவரை எப்படி வில்லனாக்குவது? மீசையை மழித்துவிட்டேன்.)

4

திங்கட்கிழமை மாலை ஒதிலியா வண்டியைக் கல்லூரி வாசலில் நிறுத்திவிட்டு, தானும் இறங்கக் கதவைத் திறந்தாள்.

"நீ இங்கயே இரு," என்றாள் சுலேமா.

"நான் வாயே திறக்க மாட்டேன்டி."

"நீ வாயத் திறக்காம இருந்து நான் பாத்ததே இல்லம்மா. இரு."

இங்கே நான் எழுதிய ஒரு பதிப்பில் சுலேமா அழுகிறாள், பேராசிரியர் இளகுகிறார். இன்னொன்றில் அவள் சாசனத்தில் பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தை மேற்கோள் காட்டி —

இல்லை. நடந்தது இதுதான்.

"உக்காருங்க, மிஸ் லொங்கோரியா," என்றார் பிரிட்சர்ட். சுலேமா பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று. அவளை இதுவரை ஒரு வாத்தியாரும் 'நீங்க' என்றதில்லை.

"ஸ்கூல்ல லீவு குடுத்தாங்க சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு..."

"எனக்கு யாரும் சொல்லலையே. வகுப்பு ஆரம்பிச்ச அன்னிக்குக் குடுத்த பாடத்திட்டத் தாள்ல தேர்வுத் தேதி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"படிச்சீங்களா?"

"முதல் பக்கம் வரைக்கும்."

அவர் சிரித்துவிட்டார். "முன்னாடியே சொல்லியிருந்தா வேற நாள்ல எழுத விட்டிருப்பேன். இப்ப முடியாது. உங்க பக்கத்துல உக்கார்ற நர்ஸம்மா, ராத்திரி டியூட்டி முடிச்சு நேரா வந்து எழுதினாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

வாயில் ஆயத்தமாக வைத்திருந்த வாதங்களெல்லாம் அந்த நர்ஸம்மாவின் முன் உதிர்ந்துவிட்டன. "எனக்கு இப்ப என்ன வழி இருக்கு சார்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள விலகிக்கலாம். விலகினதா மட்டும் பதிவாகும். இல்லைன்னா இருந்து, கடைசித் தேர்வை ரொம்ப நல்லா எழுதணும். தேறலாம். கஷ்டம்."

"நீங்க எதைச் செய்யச் சொல்றீங்க?"

"நான் சொல்லிட்டா அது என் முடிவாயிடும்."

சுலேமா எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "சார், எங்க ஸ்கூல் லீவு வாரத்துல இங்க வகுப்பு இருக்கா?"

"இருக்கு."

"அந்த வாரம் எங்களை இங்க கொண்டுவர்ற ஸ்கூல் பஸ் ஓடாது. எப்படியாவது வந்துடறேன். இப்பவே சொல்லி வைக்கலாம்னு."

"சொன்னதுக்கு நன்றி," என்றார் அவர். சிரிக்கவில்லை.

5

வண்டியில் ஏறியதும் ஒதிலியா கேட்டாள். "என்னடி சொன்னான் அந்த ஆளு?"

"உங்கிட்ட சொல்றதுக்கு நான் எழுத்துல சம்மதம் குடுக்கணுமே."

ஒதிலியாவின் தொப்பியால் ஓர் அடி விழுந்தது. பிறகு சுலேமா எல்லாவற்றையும் சொன்னாள். ஒதிலியா வழக்கம்போல, "விலகிடு, நானே போய் —" என்று ஆரம்பித்தவள், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நிறுத்திக்கொண்டாள். முன்கண்ணாடியில் ஒரு பூச்சி மெதுவாக ஏறியது.

"நீ என்ன பண்ணப் போற?"

பதினேழு வருடத்தில் அவள் அப்படிக் கேட்டது அதுவே முதல்முறை. வீடு சேர்ந்து, சுலேமா செனட்டருக்குத் தீனி வைத்துவிட்டு வந்துதான் சொன்னாள்.

"இருக்கப் போறேம்மா."

6

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் வகுப்பிலேயே முதல். (பொய்.) இன்னொன்றில் தோற்று, அடுத்த ஆண்டு மறுபடி சேர்கிறாள். (நடக்கலாம்.) இரண்டையும் கிழித்துவிட்டேன், ஏனென்றால் இதை நான் கல்லூரி வாசலில், ஒதிலியாவின் வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கடைசித் தேர்வு நடக்கிறது. "கூட வாங்க. தனியா இருந்தா நான் உள்ள போயிருவேன்," என்று என்னை இழுத்து வந்திருக்கிறாள். கதவுக் கைப்பிடியை இரண்டு முறை தொட்டுவிட்டாள். நான் கையைத் தட்டிவிட்டேன்.

கல்லூரிக் கதவு திறக்கிறது. நர்ஸம்மா வருகிறார். பின்னாலேயே சுலேமா, கொட்டாவி விட்டுக்கொண்டு. இருவரும் ஏதோ கேள்வியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். எப்படி எழுதினாள் என்று ஒதிலியா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மதிப்பெண் வரச் சில நாட்களாகும். அதுவரை இந்தக் கதை உங்கள் கையில் இருக்கட்டும். உங்களுக்குத் தோன்றும் மதிப்பெண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். பூஜ்ஜியம் மட்டும் வேண்டாம். இந்த முறை அவள் போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.