நூறில் வரும் நடுக்கம்

காருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்கச் சொல்லி மாமா வந்து நிற்கும்போதெல்லாம் பேலன்ஸ்காரன் ஸ்பேனரைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்வான். கண்டுபிடிப்பதாவது! அந்த வியாதியை ஒட்டிவிட்டதே அவன்தானே.

கடைத்தெருவில் அவனை எல்லாரும் பேலன்ஸ்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். கார் சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் பாரம் குறைகிறதோ அந்தப் பக்கம் விரல்நுனி அளவு ஈயத்துண்டை ஒட்டிச் சரிசெய்கிற தொழில். அவனுக்கு ஒரே அக்கா. அவள் புருஷன்தான் இந்த மாமா; மருந்துக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். 'இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி' என்று ஒரே கிழவருக்குப் பத்துத் தரம் சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார். அதே மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எந்தப் பேய் வந்து ஏறுமோ தெரியாது. முன்னால் ஒரு வண்டி போகக் கூடாது. போனால், தன் வீட்டுச் சொத்தை அவன் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி விரட்டுவார்.

விடுதியில் தங்கிப் படிக்கிற மகளைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரும் ஹைவேயில் போய் வருவார்கள். அப்படிப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கு மறுநாள் அக்கா கடைக்கு வந்தாள். நாற்காலி இருந்தும் பழைய டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"லாரிக்கும் சுவருக்கும் நடுவுல நுழைச்சு எடுத்தாருடா. கண்ணாடி உரசுற சத்தம் கேட்டுச்சு. மெதுவாப் போங்கன்னா, நான் நல்லாத்தானே ஓட்டுறேன்னு பாட்டு சத்தத்தைக் கூட்டுறாரு." தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணுக்கு அப்பா அம்மா ரெண்டு பேரும் வேணும்டா. நீ ஏதாவது பண்ணு."

"நான் என்னக்கா பண்றது?"

"எண்பதுக்கு மேல அந்த வண்டி போகக் கூடாது. எப்படியோ பண்ணு."

சொல்லுங்கள், எந்தத் தம்பி மாட்டேன் என்பான்? அடுத்த தரம் கார் கடைக்கு வந்ததும் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றி, உள்பக்கம், குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாத இடத்தில், வேண்டாத ஈயத்துண்டு இரண்டை ஒட்டினான். ஊர்ச் சக்கரத்தையெல்லாம் சமன் செய்கிறவன் சொந்த அக்கா வீட்டுச் சக்கரத்தின் சமனைக் கெடுத்தான். எண்பது வரைக்கும் வண்டி பரம சாது. தொண்ணூறைத் தொட்டால் ஸ்டியரிங் கையில் நடுங்க ஆரம்பிக்கும். நூறில் பல் தந்தியடிக்கும். பயந்துபோய் மனுஷன் காலை எடுத்துவிடுவார் என்று போட்ட கணக்கு.

கணக்கு கொஞ்ச நாள் பலிக்கவும் செய்தது. ஆனால் மாமா சும்மா இருக்கிற ஆளா? வாரம் தவறாமல் கடைக்கு வந்து நின்றார்.

"வேற எங்கயாவது காட்டிப் பாருங்களேன் மாமா" என்று இவன் ஒரு தரம் சொல்லிப் பார்த்தான்.

"நல்லாருக்கே நியாயம்! சொந்த மச்சினன் கடை வச்சிருக்கான், நான் போய் அடுத்தவன் வாசல்ல நிக்கிறதா? நீ பாத்தாப் போதும் மாப்ளே. கை வச்சா நீதான் கை வைக்கணும்."

அந்த நம்பிக்கைதான் அவனைக் கொன்றது. ஒவ்வொரு தரமும் சக்கரத்தை மெஷினில் ஏற்றுவான், நெற்றியைச் சுருக்குவான், டயரை முன்னும் பின்னும் மாற்றுவான், கடைசியில் அதே துண்டுகளோடு அதே சக்கரத்தை முன்னாலேயே மாட்டி அனுப்புவான். மாமா டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவார். அது ஆறி ஆடை படிந்து கிடக்கும். எடுத்துத் தொலைத்துவிடலாம் என்று பார்த்தால், "எடுத்தேன்னு வை, அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டு என் வாசப்படி மிதிக்காதே" என்று அந்தப் பக்கத்திலிருந்து உத்தரவு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போதாக்குறைக்கு ஒரு நாள் அக்கா போனில் அவசரமாக, "இப்ப இன்னும் மோசமாயிடுச்சுடா" என்று சொல்லி வைத்துவிட்டாள். நடுக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று இந்த மேதாவி மூன்றாவது துண்டையும் ஒட்டினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் அவன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பின்சீட்டில் அக்கா.

"ஏறு மாப்ளே. மெஷின்ல சுத்துனா நோய் தெரியாது, ரோட்டுல ஓட்டுனாத்தான் தெரியும். அப்படியே பொண்ணையும் பாத்துட்டு வந்துடலாம்."

தலைவலி, வேலை இருக்கிறது, வயிறு சரியில்லை, எதுவும் எடுபடவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். கதவுகள் நாலும் தாமாகப் பூட்டிக்கொண்டன. பத்து நிமிஷத்தில் ஹைவே. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சிமெண்டுச் சுவர். இறங்குவதற்கு வழியும் இல்லை, திரும்புவதற்கு வழியும் இல்லை.

தொழில்காரன் என்றால் கேள்வி கேட்க வேண்டுமே. "பிரேக் பிடிக்கும்போது ஆடுதா மாமா?"

"இல்ல."

"அப்ப பிரேக் டிஸ்க்குல கோளாறு இல்ல. சீட்டு ஆடுதா?"

"கையில மட்டும்தான்."

"சீட்டுல தெரிஞ்சா பின்சக்கரம். கையில தெரிஞ்சா முன்சக்கரம்" என்றான். தன் வீட்டுக்குத் தானே வழி கேட்கிறவன் மாதிரி அவனுக்கே கேவலமாக இருந்தது.

தொண்ணூறு வந்தது. ஸ்டியரிங் உதறியது. நூறில் முன்பக்கம் முழுக்கக் கடகடவென்று ஆடியது. இப்போது காலை எடுப்பார், இப்போது எடுப்பார் என்று இவன் காத்திருந்தான்.

"இனிமேதான் வேடிக்கையே. பாரு" என்று சொல்லி மாமா இன்னும் அழுத்தினார்.

நூற்றுப்பத்து. நூற்றுப்பதினைந்து. நடுக்கம் குறைந்தது. நூற்றிருபதில் துப்புரவாக அடங்கிவிட்டது. வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

"எப்படி? நானே கண்டுபிடிச்சது! நூத்துப்பத்தைத் தாண்டிட்டா இதோட ஆட்டம் செல்லாது. அதனால இப்பல்லாம் சட்டுனு தாண்டிடுவேன். அதுக்குக் கீழ இறங்குறதே இல்ல."

அடப்பாவி! பேலன்ஸ்காரனுக்கு இப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்டினால் அடங்கிவிடும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. ஊருக்கெல்லாம் சொல்கிறவனுக்குத் தன் காரியத்தில் அது தோன்றவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. அக்கா சொன்ன 'மோசம்' இதுதான். திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவின் கைப்பிடியைப் பற்றியிருந்தாள்.

அப்போதுதான் முன்னால் போன லாரி இவர்கள் பாதைக்கு நகர்ந்தது. மாமா பிரேக்கைத் தொடவே இல்லை. ஹாரனை அழுத்திக்கொண்டு, லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் வண்டியை நுழைத்தார். லாரிச் சக்கரம் இவன் ஜன்னலை ஒட்டிச் சுற்றியது.

"பிரேக் போட்டிருக்கலாமே மாமா!"

"போட்டா நூறுக்கு இறங்கிடும். மறுபடி ஆடும். நீதான் அதைச் சரிபண்ண மாட்டேங்கறியே!"

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் மனுஷனே இல்லை. கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சொன்னால் அவள் குடும்பத்தில் என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால் குடும்பமே இருக்காது.

"மாமா, ஆடுறதுக்குக் காரணம் நான்தான். நான்தான் ஈயத்தை ஒட்டினேன். வேணும்னே ஒட்டினேன்."

மாமாவின் கால் தானாக எழுந்தது. வேகம் இறங்க இறங்க, நூறில் அந்த நடுக்கம் வந்து மூன்று பேரையும் உலுக்கிவிட்டுப் போனது. ஓரமாக வண்டி நின்றது.

இவன் இறங்கி, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினான். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, கை நேராக அந்த இடத்துக்குப் போனது. மூன்று துண்டையும் பெயர்த்து மாமா கையில் வைத்தான். சக்கரத்தை மறுபடி மாட்டி, நட்டுகளை முறுக்கி முடிக்கிற வரைக்கும் மாமா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நோய்க்கு என்று தெரியாத மாத்திரையைப் பார்க்கிற பார்வை.

"ஏன்?" என்றார் கடைசியில்.

"நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள் அக்கா. "பயத்துல சொன்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. "சொல்லலையா? கல்யாணம் ஆனதிலேர்ந்து வேற என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்? ஸ்டியரிங் ஆடுதுன்னதும் வாராவாரம் வைத்தியத்துக்கு ஓடினீங்களே, நான் பக்கத்துல உட்கார்ந்து நடுங்குறேனே, அது ஒரு நாளாவது கண்ணுல பட்டுச்சா?"

மாமாவின் முகம் ஒரு கணம் தொங்கிப் போனது. ஆனால் ஆம்பளை வீம்பு அவ்வளவு லேசில் இறங்குமா? "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க. நான் என்ன குடிச்சிட்டா ஓட்டுறேன்? நல்லாத்தானே ஓட்டுறேன்! இந்தா சாவி, மாப்ளே. இனி நீயே ஓட்டு. நான் அதைத் தொடப் போறதில்ல." பின்சீட்டில் ஏறி, கதவை அறைந்து சாத்தினார். அக்கா மறுபக்கம் சுற்றிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேலன்ஸ்காரன் வண்டியை எடுத்தான். எண்பது. அதற்கு மேல் ஒரு நூல் ஏற்றவில்லை. இப்போது ஸ்டியரிங்கில் ஒரு அசைவு இல்லை.

மாமா தன் சொந்தக் காரில் பின்னால் உட்காருவது அதுதான் முதல் தரம். கொஞ்ச தூரம் ஜன்னல் வழியே வெறித்துக்கொண்டு வந்தார். பிறகு, "லாரி" என்றார். லாரி எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. "இடைவெளி விடு" என்றார். "அந்தப் பக்கம் ஒருத்தன் வர்றான், பாரு." கண்ணாடியில் பார்த்தால், ஒரு கை தலைக்கு மேல் இருந்த பிடியில் தொங்கியது. வலது கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது.

அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"தம்பி, கொஞ்சம் அழுத்து."

"அக்கா?"

"அழுத்துடா."

அவள் அந்தக் குரலில் பேசி அவன் கேட்டதில்லை. சாலை காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் தயங்கித் தயங்கித்தான் அழுத்தினான். தொண்ணூறு, நூறு. பாழாய்ப்போன வண்டி, இப்போது பார்த்து என்ன அருமையாக ஓடுகிறது!

"மாப்ளே, போதும்" என்றார் மாமா.

"அவன் நல்லாத்தானே ஓட்டுறான்" என்றாள் அக்கா.

நூற்றுப்பத்து. மாமா முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் மூச்சு இவன் காதில் கேட்டது. மருந்துக்கடையில், மற்றவர்கள் கேட்காதபடி தன் நோயைச் சொல்ல வருகிறவர்கள் பேசுவார்களே, அந்த மாதிரிச் சின்னக் குரலில் சொன்னார்:

"எனக்குப் பயமா இருக்கு."

அக்கா என்ன சொல்வாள் என்று பேலன்ஸ்காரன் காத்திருக்கவில்லை. காலை எடுத்துவிட்டான். நூறு, தொண்ணூறு, எண்பது. மாமா பின்னால் சாய்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா சாலையைப் பார்த்தபடியே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"பாத்தீங்களா? பயமா இருக்குன்னு நீங்க ஒரே ஒரு தடவைதான் சொன்னீங்க. குறைச்சிட்டான்."