பொந்துக்குள் இருக்கும் பறவைக்கு ஒரு தெளிவான படம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக்கடையில் பறவைகளைப் படமெடுக்கும் மலர்விழி தன் கேமராவை என் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஃபோகஸே பிடிக்க மாட்டேங்குதுண்ணே. நாளைக்கு மரத்த வெட்டிடுவாங்க லா" என்று அழுதாள். கேமரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கதை வாசனை மட்டும் மூக்கில் ஏறிவிட்டது. வெட்கம்தான், என்ன செய்ய?

2

தொடக்கம், முதல் முயற்சி: கிள்ளான் நகரின்மேல் பொன்னிறக் கதிர்கள் மெல்ல—

(வேண்டாம். கிள்ளானில் காலையில் முதலில் தெரிவது லோரிதான்.)

இரண்டாம் முயற்சி: கோயிலுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதன் உச்சிப் பொந்தில் ஒரு பெண் இருவாச்சிப் பறவை, வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு அடைகாக்கிறது.* கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கோயில் தலைவர் பரமேஸ்வரன் மரத்தை வெட்டச் சொல்லிவிட்டார். மலர்விழி கெஞ்சியதற்கு, "உள்ள பறவை இருக்குன்னா படம் காட்டுமா. அலகு தெளிவா தெரியணும். காலையில மரம் வெட்டுற ஹைதர் ரம்பத்தோட வந்துடுவான்" என்றார்.

* குஞ்சு வளரும்வரை தாய் வெளியே வராது. ஆண்தான் பழம் கொண்டுவந்து சின்ன இடுக்கு வழியாக ஊட்டும். மரம் விழுந்தால் உள்ளே இருப்பவை அப்படியே போய்விடும். இதை அடிக்குறிப்பில் தள்ளியது தப்புதான். மேலே எழுத மனம் வரவில்லை.

3

விடிந்ததும் நானும் அவளோடு போனேன். அவளுடையது தூரத்தைக் கிட்டக் காட்டும் பழைய டெலி லென்ஸ், புதுக் கேமரா. ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு வீட்டார். நடுவில் அடாப்டர் என்ற வளையம் தரகர் வேலை பார்க்கிறது. பட்டனை அழுத்தினால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியதே தவிர எங்கும் நிற்கவில்லை.

அடாப்டரைக் கழற்றினாள். கேமராவோடு பேசும் உலோகப் புள்ளிகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. சந்தனம். புதுக் காருக்குச் செய்வதுபோல அடாப்டரையும் இதே கோயிலில் பூசைக்கு வைத்திருக்கிறாள். ஐயர் வஞ்சனையில்லாமல் பொட்டு வைத்திருக்கிறார். நான் சிரித்துவிட்டேன், அவள் முறைத்தாள்.

துடைத்து மாட்டினாள். லென்ஸ் நின்றது, ஆனால் முன்னாலிருந்த இலையில். ஃபோகஸ் கட்டத்தைச் சிறிதாக்கி பொந்தின் இடுக்கின்மேல் வைத்தாள். மறுபடி ஓட்டம்.

"இருட்டுல கேமராவுக்குக் கண்ணு தெரியாதுண்ணே."

இடுக்கை ஒட்டிய மரப்பட்டையில் ஃபோகஸ் பிடித்து, ஆட்டோஃபோகஸை அணைத்தாள்.

"இனிமே அசையாதீங்க."

வெளியே லோரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹைதர் இறங்கினார், பரமேஸ்வரனும் வந்து நின்றார்.

4

(பரமேஸ்வரனை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. ரோட்டோரம் நிறுத்திய காரிலிருந்து இறங்கிய ஒரு ஆன்டியை அண்மையில் மோட்டார்சைக்கிள் இடித்துவிட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் இதே பரமேஸ்வரன்தான். அவர் பக்கமும் ஒரு நியாயம்— சரி, விடுங்கள்.)

5

ஆண் பறவை வந்தது. அலகு நுனியில் ஒரு பழம். இடுக்கிலிருந்து இன்னோர் அலகு நீண்டது. நான் மூச்சை அடக்கினேன். மலர்விழி அழுத்தினாள். அதே நேரம் ஹைதர் ரம்பத்தை ஓடவிட்டுப் பார்த்தார். ஆண் பறந்துபோனது, கேமராவும் ஆடியது.

முடிவு ஒன்று: படத்தில் அலகு துல்லியமாக விழுந்திருக்கிறது. பரமேஸ்வரன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். (எழுதிய எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கித் தெரிகிறது. "இது மரப்பட்டைமா" என்று பரமேஸ்வரன் தலையைத் திருப்பி—

இல்லை, இதை நான் எழுத மாட்டேன்.

6

மலர்விழி இன்னும் திரையைப் பார்க்கவில்லை. பயப்படுகிறாள். பரமேஸ்வரனை இந்தக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

அந்தப் பறவையின் ஒரு படத்தைக்கூட நான் உங்களுக்குக் காட்டவில்லை. இருந்தும் அது உள்ளே இருப்பது உங்களுக்குத் தெரியும்.

ஹைதர் ரம்பத்தோடு உங்களைப் பார்த்துக் கேட்கிறார்:

"என்ன பாஸ், வெட்டலாமா?"