அழுகை வராத பட்டிமன்றம்

பத்மாசினி மேடையில் அழுதால் கூட்டமே அழும். மதுரை வட்டாரப் பட்டிமன்றங்களில் அம்மா பக்கம் பேச என்றால் அவள்தான். பேச்சின் கடைசியில், பிள்ளைகளுக்கு நல்ல சோறு போட்டுவிட்டு அடிப்பிடித்ததைத் தான் தின்ற ஒரு தாயைச் சொல்லித் தொண்டை அடைத்து நிற்பாள். முன்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும்.

அந்த அழுகைதான் இப்போது போயே போய்விட்டது. போன ஆடியிலிருந்து மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். அதற்கு முன்னால் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவள், மாத்திரையால்தான் எழுந்து குளித்து, பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆனால் அது சும்மா விடுமா? உள்ளங்கை வியர்த்துக் கொட்டியது. தூக்கக் கலக்கம் துளியும் இல்லாதபோதும் கொட்டாவி கொட்டாவியாக வந்தது. சொந்தச் சித்தப்பா செத்ததற்குக் கண் நனையவில்லை. சரி, தொலையட்டும் என்றால், மகள் வகுப்பில் முதலாவதாக வந்தபோது சந்தோஷமும் வரவில்லை. அழுகை போனால் போகட்டும், அதுவுமா போகவேண்டும்?

இந்த நிலையில் பேரையூர்த் திருவிழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் சௌராஷ்டிரம்தான் பேச்சு. ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் கணவன் மனைவி இருவருக்கும் மதுரைத் தமிழ்தான்.

"நாலு நாளைக்கு மாத்திரைய நிறுத்திப் பாரேன் பத்மா. அழுகலைன்னா அடுத்த வருசம் வேற ஆளப் போட்டுருவாய்ங்க" என்றார் கணவர் வெங்கடேஷ்பாபு.

"முன்ன ஒருக்கா நிறுத்தி, மண்டைக்குள்ள கரண்டு அடிச்சாப்புல இருந்துச்சே, மறந்துபோச்சா? டாக்டர் கிழிகிழின்னு கிழிச்சாரு. மேடை போனாப் போகுது, நான் திரும்பப் படுக்க மாட்டேன்."

பேரையூரில் கூட்டம் நெரிந்தது. வீட்டுக்காக அதிகம் இழப்பவர் அம்மாவா, அப்பாவா என்பதுதான் தலைப்பு. பத்மாசினி அடிப்பிடித்த சோற்றுக்கு வந்து, தொண்டை அடைக்கவேண்டிய இடத்தில் நின்றாள். கண்ணீருக்குப் பதில் கொட்டாவி வந்தது. அதுவும் மைக்குக்கு நேராக, வாய் பிளந்து, சத்தத்தோடு!

எதிரே அப்பா அணியில் இருந்த நைனா முகமது பல வருடமாக அவளோடு மேடை ஏறுகிறவர். விடுவாரா?

"அக்கா, உங்க கதைக்கு உங்களுக்கே தூக்கம் வருதே! இருங்க, எங்க அத்தா கதையச் சொல்றேன், முழிச்சுக்குவீங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வெங்கடேஷ்பாபு முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். பத்மாசினிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மைக்கை விடவில்லை.

"தூக்கம் இல்ல தம்பி. மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிடுறேன். அதுல எனக்குக் கொட்டாவி வருது, அழுகை வர மாட்டேங்குது. இந்தா, கையப் பாருங்க, ஒழுகுது."

சிரிப்பு அப்படியே நின்றது.

"இம்புட்டு நாளும் ஊரு அம்மா கதையச் சொன்னேன். இன்னைக்கு எங்கம்மா கதையச் சொல்றேன். நான் ஏழாப்புப் படிக்கையில படுத்தவ, எந்திரிக்கவே இல்ல. திமிருன்னாங்க. பேயின்னு கோடாங்கிகிட்ட கூட்டிப் போனாங்க. டாக்டர்கிட்ட ஒருத்தரும் கூட்டிப் போகல. அம்மா என்னத்த இழக்குறான்னு கேக்குறீங்களே, அவ தன்னையே இழந்தா. எம் மகளுக்கு அந்தக் கதி இல்ல. அவ அம்மா கொட்டாவி விடுறா, வேர்த்து ஊத்துறா, ஆனா எந்திரிச்சு நிக்கிறா!"

நேரம் முடிந்ததென்று அடிக்கப்போன மணியிலிருந்து நடுவர் கையை எடுத்துவிட்டார். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று தட்டினாள், அப்புறம் கூட்டமே தட்டியது. நைனா முகமது தன் மைக்கைக் கீழே வைத்தார்.

"நடுவரே, தீர்ப்ப அக்காவுக்கே எழுதிக்கங்க. எங்க அத்தாவே இருந்தாலும் அதத்தான் சொல்வாரு."

பத்மாசினிக்கு நெஞ்சுக்குள் குப்பென்று என்னவோ ஏறியது. இது என்ன என்று முதலில் தெரியவில்லை. அட, பெருமை! இத்தனை மாதமாக எந்த நல்லதுக்கும் எட்டிப் பார்க்காத மனசு, எல்லாவற்றையும் மீறிக்கொண்டு பொங்கியது. கீழே வெங்கடேஷ்பாபு இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதுகொண்டிருந்தார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நிமிர்ந்து நின்று, கைதட்டல் ஓயும்வரை வாங்கிக்கொண்டாள்.